“காது கேட்டது, கண்தான் திறக்கவில்லை”: அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மகளின் கேள்விகள்

கடிதம் நான்கு பக்கம். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எழுதியிருப்பவர் கொங்குப் பகுதியைச் சேர்ந்த 34 வயது ஆசிரியை. ஒன்பது மாதத்துக்கு முன்பு அவருடைய 58 வயது அம்மாவுக்குக் குடலிறக்கம் சிக்கிக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு அவசர ஆபரேஷன் நடந்தது. எட்டு மணிக்குத்தான் இட்லி சாப்பிட்டிருந்தார். ஆபரேஷன் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அம்மா கண் திறக்கவில்லை. ஐசியுவில் வெண்டிலேட்டரில் வைத்து, “மயக்கம் தெளிய லேட்டாகுது” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் விரல் அசைந்தது. எட்டு மணிக்குத் தொண்டைக் குழாயை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அம்மா மகளிடம் சொன்னது: “எனக்கு எல்லாம் கேட்டுச்சு. ரெண்டு நர்ஸ் தீபாவளிச் சீட்டுப் பணத்தைப் பத்திப் பேசினாங்க. கையைத் தூக்கலாம்னு பார்த்தேன், முடியல. செத்துட்டேன்னே நினைச்சேன்.” டாக்டரிடம் கேட்டபோது, “மயக்க மருந்தில் இப்படிப் பிரமை வரும்” என்றாராம். மகளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸைத் தேடிப்போய்ச் சீட்டு விஷயத்தைக் கேட்டிருக்கிறார். நர்ஸின் முகம் மாறிவிட்டது. “ஆமா, பேசினோம்.”

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் உரலில் போட்டு இடித்தது போல வலி இருந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி: மயக்கத்திலிருந்து மீள்வதில் தாமதம். இப்போதும் அவர் விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை.

இப்போது மகளுக்கே பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்துவிட்டது. அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். அம்மாவுக்கு டோஸ் அதிகமாகிவிட்டதா, அல்லது மயக்க மருந்து அலர்ஜியா? தனக்கும் அப்படி நடக்குமா? முதுகில் ஊசி போட்டுச் செய்துகொள்ளலாமா? ஆறு வயது மகனுக்கு டான்சில் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? மருத்துவமனை மீது புகார் கொடுக்கலாமா? குடும்பத்தைப் பற்றி இரண்டு தகவல்களும் தந்திருக்கிறார். அவர்கள் ஆரிய வைசியர்கள். அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன் மகன்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அம்மா சொன்னதை நம்புங்கள். நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்று தெரிகிறது, இல்லாவிட்டால் நர்ஸைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். அதை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். “நீ சொன்னது நிஜம்தான், நான் விசாரித்துவிட்டேன், டாக்டர் ஒருவரும் அப்படித்தான் சொல்கிறார்” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பல வருடமாக மயக்க மருந்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அம்மா விவரித்தது பிரமை மாதிரி இல்லை. மூளை விழித்து, தசை மட்டும் விழிக்காமல் கிடந்த நிலை அது.

தூங்கவைப்பது வேறு, தளரவைப்பது வேறு

‘மயக்க மருந்து’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் என் தட்டில் தனித்தனி சிரிஞ்சுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டியிருக்கும். பால் போல வெள்ளையாக இருப்பது புரொப்போஃபால், தூங்கவைக்க. ஃபென்டனில் வலி தெரியாமல் இருக்க. மூன்றாவது தசைத் தளர்வு மருந்து. வயிற்றுத் தசை இறுகியிருந்தால் சர்ஜன் கை வைக்க முடியாது. குரல்வளை இறுகியிருந்தால் நான் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட முடியாது. அதற்காகத்தான் இது.

இந்த மூன்றாவது மருந்து மூளையைத் தொடுவதில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் தன்மையே அதற்குக் கிடையாது. 1940-கள் வரை மருத்துவர்களுக்கே இதில் குழப்பம் இருந்தது. இந்த மருந்து தூங்கவும் வைக்கும் என்று சிலர் நம்பினார்கள். 1947-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தானே படுத்துக்கொண்டு, தூக்க மருந்து எதுவும் இல்லாமல், இந்த வகை மருந்தை மட்டும் தன் உடம்பில் செலுத்தச் சொன்னார். சக மருத்துவர்கள் அவருக்குச் செயற்கையாக மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூச்சுத் தசை உட்பட எல்லாம் செயலிழந்தது. அப்புறம் எழுந்து, தன்னைச் சுற்றி நடந்ததையெல்லாம் சொன்னார். காது கேட்டது, வலி தெரிந்தது, நினைவு ஒரு நொடியும் மங்கவில்லை. உங்கள் அம்மா சொன்னதை அவரும் சொல்லியிருக்கிறார்.

அந்த ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகிப்பது இதுதான். ஆபரேஷன் முடிந்ததும், தூக்கம் கலையாமல் இருக்கக் குழாய் வழியாகக் கொடுக்கும் வாயுவை நிறுத்தியிருப்பார்கள். சில நிமிடங்களில் மூளை விழித்துவிட்டது. தசை மருந்தின் வேலை முடியவில்லை. கண் திறக்கவில்லை என்பதால், நினைவு வரவில்லை என்று சுற்றியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண் இமையைத் தூக்குவதும் ஒரு தசைதானே.

ஆபரேஷன் சமயத்தில் தற்செயலாக விழிப்பு வருவது பற்றி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய தேசிய ஆய்வு 2014-ல் வெளியானது. நோயாளிகள் தாங்களாகச் சொன்ன புகார்களை வைத்துப் பார்த்தால், பொது மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேரில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. தசைத் தளர்வு மருந்து கொடுத்தவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 8,000-ல் ஒருவர், கொடுக்காதவர்களில் 1,36,000-ல் ஒருவர். இந்த எண்களை உங்களைப் பயமுறுத்தத் தரவில்லை. அம்மா தனியாள் இல்லை என்பதற்காகத் தருகிறேன். விளக்கை அணைக்கப் பயப்படுவது அதிர்ச்சிக்குப் பிறகு வரும் அறிகுறி. ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்த்தால் பலன் கிடைக்கும். ஒன்பது மாதம் கழிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

தசை மருந்துகளில் இரண்டு வகை

உங்கள் கேள்விகளில் பாதிக்கு இங்கேதான் பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நரம்பு தசையைத் தொடும் இடத்தில் ஒரு காலிங் பெல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வந்து பெல்லை அழுத்தும், தசை சுருங்கும். அடுத்த கணமே அங்கிருக்கும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், விரல் பெல்லிலிருந்து எடுபடும். அடுத்த அழைப்புக்கு பெல் தயார்.

முதல் வகை மருந்து, பெல்லுக்கு முன்னால் கையை வைத்து மறைத்து நிற்கும். தானும் அழுத்தாது, அசிட்டைல்கோலினையும் அழுத்த விடாது. இதன் மூதாதை தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே. 1942 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் குடல்வால் ஆபரேஷன் ஒன்றில் அதை முதன்முதலில் முறையாகப் பயன்படுத்தினார்கள். அதற்கு முன்பெல்லாம் வயிறு தளர வேண்டும் என்றால் ஈதரை அளவுக்கு மீறிக் கொடுத்து ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அதிலேயே உயிர் போவதும் உண்டு. இன்று இந்த வகையில் நாங்கள் தினமும் எடுப்பவை வெக்யூரோனியம், ரோக்யூரோனியம், அட்ராக்யூரியம், சிஸ்அட்ராக்யூரியம். வேலை முடிந்ததும் நியோஸ்டிக்மின் கொடுப்போம். அது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும். அசிட்டைல்கோலின் கூட்டமாகச் சேர்ந்து, மறைத்து நிற்கும் கையைத் தள்ளிவிடும். ரோக்யூரோனியத்துக்கும் வெக்யூரோனியத்துக்கும் மட்டும் இன்னொரு வழி இருக்கிறது: சுகமாடெக்ஸ். அது வளையம் போன்ற ஒரு மூலக்கூறு. மருந்தைத் தன் வயிற்றுக்குள் அடைத்து, பெல் பக்கம் போகவிடாமல் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் வகையில் நடைமுறையில் இருப்பது ஒரே மருந்துதான்: சக்ஸமெத்தோனியம். தியேட்டரில் நாங்கள் ‘ஸ்கோலின்’ என்போம். இரண்டு அசிட்டைல்கோலினை ஒட்டவைத்தால் வருவது இது. ஆகவே பெல்லை மறைக்காது, தானே அழுத்தும். அழுத்திய விரலை எடுக்கவும் செய்யாது. ஊசி போட்ட அரை நிமிடத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் இமையும் கன்னமும் துடிக்கும், அப்புறம் தோள், மார்பு, தொடை என்று அந்தத் துடிப்பு இறங்கிக் கால் விரல் வரை போகும். போனதும் எல்லாம் அடங்கிவிடும். அந்தத் துடிப்புக்குப் பிறகு பலருக்கு மறுநாள் உடம்பு வலி வரும். “உரலில் போட்டு இடித்தது போல” என்ற வரியைப் படித்ததும் எனக்கு ஸ்கோலின் ஞாபகம்தான் வந்தது.

வகை மட்டும் போதாது. ஒரு தசை மருந்தைப் பற்றி மயக்க மருத்துவர் இன்னும் மூன்று விஷயங்கள் பார்ப்பார்: எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும், எவ்வளவு நேரம் நிற்கும், உடம்பை விட்டு எப்படிப் போகும். ஸ்கோலின் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்து, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் போய்விடும். ரோக்யூரோனியம் வழக்கமான அளவில் ஒன்று, ஒன்றரை நிமிடம் எடுக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு சங்கதி உண்டு. வீரியம் குறைந்த மருந்துதான் வேகமாக வேலை செய்கிறது. கட்டைவிரலின் துடிப்பை 95 சதவீதம் அடக்க வெக்யூரோனியம் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் போதும். ரோக்யூரோனியம் 0.3 மில்லிகிராம் வேண்டும், ஆறு மடங்கு. ஆறு மடங்கு மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் பெல்லை நோக்கி ஓடுவதால் சீக்கிரம் இடம் பிடித்துவிடுகின்றன.

போகும் வழியும் மருந்துக்கு மருந்து வேறு. வெக்யூரோனியமும் ரோக்யூரோனியமும் பெரும்பாலும் கல்லீரல் வழியாகப் போகின்றன. அட்ராக்யூரியம் உடம்புச் சூட்டிலேயே பெரும் பகுதி தானாக உடைந்துவிடும். ஸ்கோலினோ ரத்தத்தில் இருக்கும் ஒரே ஒரு நொதியை நம்பியிருக்கிறது. கல்லீரல் தயாரிக்கும் அந்த நொதியின் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். சூடோகோலினெஸ்டரேஸ் என்றும் எழுதுவார்கள்.

அம்மாவிடம் இல்லாதது

சாதாரண ஆளுக்கு ஸ்கோலின் போட்டால், அதில் பெரும்பகுதி தசையைச் சேருவதற்கு முன்பே ரத்தத்தில் சிதைந்துவிடும். மிஞ்சும் சிறு பங்குதான் பெல்லை எட்டும். அந்த நொதி இல்லாதவருக்கோ முழு டோஸும் தசைக்குப் போய்விடும், போன பிறகு அகற்றவும் ஆள் இல்லை. ஆக, உங்கள் ‘ஓவர் டோஸ்’ சந்தேகத்தில் பாதி உண்மை. சிரிஞ்சில் இருந்த அளவு சரியாகவே இருந்திருக்கும், அம்மாவின் உடம்புக்குள் போனதும் அது பல மடங்காகிவிட்டது. ஐந்து நிமிட மருந்து ஆறு மணி நேர மருந்தானது இப்படித்தான். இதை ‘ஸ்கோலின் ஆப்னியா’ என்போம்.

அலர்ஜி என்பது வேறு. தசை மருந்துகளால் உண்மையான அலர்ஜியும் வரலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதில் ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழல் இறுகும், தோல் சிவந்து தடிக்கும். அம்மாவுக்கு அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. கையில் சுருக்கென்று ஊசி குத்தி ‘டெஸ்ட் டோஸ்’ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நொதிக் குறைவை அது காட்டாது.

சமூகத்தைப் பற்றி நீங்களே சொன்னதால் நானும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் வாழும் ஆரிய வைசியரிடையே இந்த நொதிக் குறைவு மற்றவர்களைவிட மிக அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி; அதில் 307-ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்திருப்பதை அது காட்டியது. 2017-ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வும், தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணந்துகொள்வதால் மரபணுக் குறைகள் சேரும் தெற்காசியச் சமூகங்களுக்கு இவர்களை ஓர் உதாரணமாகக் காட்டியது. தென்னிந்தியாவின் பல மயக்க மருத்துவர்கள் இதை அனுபவத்திலேயே அறிவார்கள். முன்கூட்டியே பார்க்க வரும்போது, “சொந்தத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு வர நேரமாச்சா?” என்று கேட்பது இதற்காகத்தான்.

இதைக் குடும்பக் குறையாக நினைத்து யாரும் கூச வேண்டாம். இந்த நொதி இல்லாவிட்டாலும் சாப்பாடு, உழைப்பு, பிள்ளைப்பேறு எதற்கும் கேடு இல்லை. ஸ்கோலினைச் சந்திக்கும் வரை ஒருவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் அம்மாவுக்கு 58 வயதில்தான் அந்தச் சந்திப்பு நடந்தது. உங்களைப் பெற்றபோது சிசேரியன் முதுகு ஊசியில் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்போது ஸ்கோலினுக்கு வேலையே இருந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. நான் இதுவரை சொன்னது உங்கள் கடிதத்தை வைத்துச் செய்த ஊகம். சர்க்கரை குறைவு, உடம்பு குளிர்ந்து போவது, வலி மருந்தின் மிச்சம் என்று மயக்கம் தெளியத் தாமதமாக வேறு காரணங்களும் உண்டு. முழு நினைவோடு அசைய முடியாமல் கிடந்தார் என்பதுதான் தசை மருந்தைச் சுட்டுகிறது. உறுதிசெய்யக் கேஸ் ஷீட்டும் ஒரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

என்ன பரிசோதனை, யாருக்கு?

லேபில் ‘சீரம் கோலினெஸ்டரேஸ்’ என்று கேளுங்கள். “பூச்சி மருந்து குடிச்சுட்டாங்களா?” என்று லேபில் பதறிக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். நம் ஊரில் அந்த டெஸ்டை அதிகமாக எழுதுவது பூச்சிமருந்து கேஸ்களுக்குத்தான், அந்த விஷமும் இதே நொதியைத்தான் முடக்குகிறது. கல்லீரல் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்ததால் நொதியும் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். வழக்கமான கல்லீரல் பரிசோதனைப் பட்டியலில் இந்த நொதி வராது, தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பெரிய ஆய்வகங்களில் ‘டிபுகெய்ன் எண்’ என்ற ஒன்றும் பார்ப்பார்கள். கனடாவில் வெர்னர் காலோ 1957-ல் கொண்டுவந்தது. நொதி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அதன் தரம் என்ன என்று சொல்லும். சாதாரண நொதிக்கு 80 வாக்கில் வரும், மாறுபட்ட நொதிக்கு 20 வாக்கில். ஆனால் நொதியே இல்லாதவரிடம் இந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அதனால் முதலில் அளவைப் பாருங்கள். அம்மாவுக்கு அந்தச் சமயத்தில் பிளாஸ்மா (பிறர் ரத்தத்தின் திரவப் பகுதி, அதில் இந்த நொதி இருக்கும்) ஏற்றியிருந்தாலும் இப்போது அதன் நொதி மிச்சம் இருக்காது, தாராளமாகப் பரிசோதிக்கலாம்.

அம்மாவுக்குக் குறைவு உறுதியானால் உங்கள் கணக்கு என்ன? இது பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் முழுதாக வெளிப்படும். அம்மாவிடம் இருப்பது இரண்டுமே மாறியவை, ஆகவே உங்களுக்கு ஒன்று கட்டாயம் வந்திருக்கும். அந்த ஒன்றால் பெரிய பாதிப்பு இல்லை. ஸ்கோலின் சில நிமிடம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவது அப்பாவிடமிருந்து வர வேண்டும். அப்பா உங்கள் பாட்டியின் அண்ணன் அல்லது தம்பி மகன். பாட்டியிடம் அந்த மரபணு இருந்திருக்க வேண்டும் என்பதால், அது அப்பாவிடம் இருக்க குறைந்தது நான்கில் ஒரு வாய்ப்பு, உங்களிடம் வந்திருக்க எட்டில் ஒன்று. சமூகத்தில் இந்த மரபணு பரவலாக இருப்பதால் நிஜத்தில் இன்னும் சற்றுக் கூடும். அலட்சியப்படுத்தக் கூடாத அளவு. நடுங்க வேண்டிய அளவும் இல்லை.

மகனுக்கு உங்கள் ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணவரும் அதே சமூகம் என்பதால், டான்சில் ஆபரேஷனுக்கு முன் அவனுக்கும் ஒரு முறை நொதியைப் பார்ப்பதே நல்லது என்பேன். பாட்டிக்கு நடந்ததை அவனுடைய மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்குக் குரல்வளை திடீரென்று இறுகினால் ஸ்கோலினைக் கையில் எடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம்.

உங்கள் பித்தப்பை ஆபரேஷன்

முதுகில் ஊசி போட்டுச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் செய்கிறார்கள். ஆனால் வயிற்றில் வாயுவை நிரப்பி ஊதவைத்துச் செய்யும் ஆபரேஷன் இது. நினைவோடு இருப்பவருக்குத் தோள்பட்டையில் வலி எடுக்கும், மூச்சு முட்டுவது போல இருக்கும், பாதியில் பொது மயக்கத்துக்கு மாற வேண்டியும் வரலாம். அப்படி அவசரமாக மாறும் நேரத்தில்தான் ஸ்கோலின் கைக்கு வரும். தவிர்க்க நினைப்பதை நோக்கியே நடப்பதுபோல ஆகிவிடும். தசை மருந்தே இல்லாத பொது மயக்கம் இன்னொரு வழி. அதற்குத் தூக்க மருந்தையும் வலி மருந்தையும் ஏகத்துக்குக் கூட்ட வேண்டும், சர்ஜனுக்கும் இடம் போதாது.

நான் சொல்வது, முறையான பொது மயக்கம், ரோக்யூரோனியமோ அட்ராக்யூரியமோ வைத்து. இவை இரண்டும் உங்களிடம் இல்லாமல் இருக்கக்கூடிய அந்த நொதியை எதிர்பார்ப்பதில்லை. தேதிக்குள் ரிப்போர்ட் வராவிட்டாலும் பரவாயில்லை. நொதி இல்லை என்றே வைத்துக்கொண்டு ஸ்கோலினைத் தவிர்த்துவிட்டால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மயக்க டாக்டரை ஆபரேஷன் அன்று காலையில் தியேட்டர் வாசலில் சந்தித்தால் போதாது. ஃபிட்னஸ் பார்க்கும்போதே இவற்றைச் சொல்லுங்கள்:

“அம்மாவுக்கு ஸ்கோலின் ஆப்னியா என்று சந்தேகம். எனக்கு சக்ஸமெத்தோனியமும் மிவாக்யூரியமும் வேண்டாம்.” மிவாக்யூரியம் முதல் வகை மருந்துதான், ஆனால் அதையும் சிதைப்பது இதே நொதி. முதுகு ஊசிக்குப் பயன்படும் குளோரோபுரோகெய்னும் இந்த நொதியை நம்பியது, அதையும் குறிப்பிடுங்கள். வழக்கமான புபிவகெய்னுக்கும் லிக்னோகெய்னுக்கும் பிரச்சினை இல்லை.

“தசை மானிட்டர் வைப்பீர்களா?” மணிக்கட்டில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, அரை நொடிக்கு ஒன்றாக நான்கு சின்ன மின்துடிப்பு கொடுப்பார்கள். கட்டைவிரல் நான்கு முறை மடங்கும். முதல் வகை மருந்தின் மிச்சம் இருந்தால் ஒவ்வொரு மடங்கலும் முந்தியதைவிடச் சோர்ந்துபோகும். நான்காவது, முதலாவதின் 90 சதவீத வலுவை எட்டிய பிறகு குழாயை எடுப்பதே பாதுகாப்பு. அம்மாவின் கையில் அன்று இது இருந்திருந்தால், மயக்கம் தெளியாததா தசை தெளியாததா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

“சுகமாடெக்ஸ் கைவசம் இருக்குமா?” ரோக்யூரோனியம் கொடுத்தால் இது பெரிய தைரியம். விலை கூடுதல்தான், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சுகமாடெக்ஸ் அந்த ஹார்மோனையும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். அது போட்டால் அடுத்த ஏழு நாள் வேறு பாதுகாப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியது

புகார் பற்றி. அன்று ஸ்கோலின் கொடுத்ததையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டவர், குடல் அடைத்திருக்கிறது. மயக்கம் கொடுத்ததும் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஒரு நிமிடத்தில் குழாயைப் போட்டாக வேண்டும். அந்த நிலையில் ஸ்கோலினை எடுப்பது உலகம் முழுவதும் ஏற்ற முறை. மூச்சு வராதபோது வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்ததும் சரியான சிகிச்சை. இதற்கு மாற்று மருந்து கிடையாது, காத்திருப்பதுதான் வைத்தியம்.

எனக்கு மனம் ஒப்பாதவை மூன்று. காத்திருந்த நேரத்தில் தூக்க மருந்தைத் தொடர்ந்து கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை என்றே தோன்றுகிறது. அம்மா சொன்னதைப் பிரமை என்று தள்ளியிருக்கக் கூடாது. என்ன மருந்தால் நடந்தது என்று எழுத்தில் தந்திருக்க வேண்டும். ‘மீள்வதில் தாமதம்’ என்ற வரியை வைத்து அடுத்த டாக்டர் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்து, கேஸ் ஷீட்டையும் குறிப்பாக மயக்க மருந்துப் பதிவுத் தாளையும் கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது அதில் இருக்கும். அதைப் படித்த பிறகு அந்த மயக்க மருத்துவரை நேரில் பார்க்க நேரம் கேளுங்கள். வழக்கு போடுவதா என்பதை அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஒரு வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யலாம், அது உங்கள் உரிமை. எனக்குத் தோன்றுவது, ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து “உங்களுக்கு நடந்தது உண்மை, வருத்தப்படுகிறேன்” என்று சொல்வது இப்போது உங்கள் அம்மாவுக்குப் பெரிதாக இருக்கும்.

அம்மாவின் பரிசோதனை உறுதியானதும், ‘சக்ஸமெத்தோனியம், மிவாக்யூரியம் தரக்கூடாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதி, டாக்டரின் கையெழுத்தோடு லேமினேட் செய்து அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள். ஒரு படம் எல்லோருடைய ஃபோனிலும் இருக்கட்டும். ஸ்கோலின் ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் இல்லை. மனநல சிகிச்சையில் கரண்ட் வைப்பது என்கிறோமே, அதை மயக்கமும் தசைத் தளர்வும் கொடுக்காமல் செய்யக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அங்கே வழக்கமாகப் பயன்படுவதும் இதுதான்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சின்ன மாமாவுக்கும் குடலிறக்கம் இருக்கிறது, அக்காவுக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று. அவருக்கு இன்றைக்கே ஃபோன் போடுங்கள். அம்மாவின் கூடப்பிறந்தவர் என்பதால் அவருக்கு நொதி இல்லாமலிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, உங்களைவிட அதிகம். தள்ளிப்போட்டால் அந்தக் குடலிறக்கமும் ஒரு நாள் சிக்கும். ராத்திரி நேரம், வயிறு நிறையச் சாப்பாடு, குடும்பக் கதையைக் கேட்க அவகாசம் இல்லாத ஒரு டாக்டர், அவர் கையில் ஸ்கோலின். இந்த வாரமே ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து, வெறும் வயிற்றோடு, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பகலில் போய்ப் படுக்கச் சொல்லுங்கள்.